நடிப்பவர் முதல்முறை பின்னரங்கத்தில் நிற்கப் போகும்போது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கல்லூரி நாடகக் குழுவில் நடிப்பவர். அடுத்த நாடகத்தில் அவருக்கு வேடம் இல்லை. பின்னரங்க வேலைக்கு வருகிறாயா என்று குழுவில் கேட்டிருக்கிறார்கள். தச்சு வேலையும் தெரியாது, மின்சார வேலையும் தெரியாது. போகலாமா, எந்த வேலையைக் கேட்டு வாங்கலாம், அங்கே போய்த் திருதிருவென்று விழிக்காமல் இருக்க என்ன தெரிந்திருக்க வேண்டும், இதனால் நடிப்புக்கு ஏதாவது பயன் உண்டா என்று கேட்கிறார்.

தாராளமாகப் போங்கள். ஆணி அடிக்கத் தெரியாதது ஒரு பொருட்டே இல்லை, சொல்லித்தர அங்கே ஆள் இருப்பார்கள். நடிகர்கள் பின்னரங்கத்தில் சறுக்குவது பெரும்பாலும் கைவேலையில் இல்லை. மேடையில் கைதட்டல் வாங்கித்தந்த குணமே அங்கே தொல்லையாகிவிடுகிறது. எதிரே நிற்பவர் வசனத்தைக் கொஞ்சம் வேறு தொனியில் சொன்னால் நீங்களும் அதற்கேற்ப மாற்றிச் சொல்வீர்கள். அதைத்தான் நல்ல நடிப்பு என்கிறோம். பின்னரங்கத்தில் நேற்று எப்படியோ இன்றும் அப்படியே. நாற்காலியை நேற்று வலது பக்கமாகத் தூக்கிக்கொண்டு போனீர்கள் என்றால் இன்றும் வலது பக்கம்தான், ஏனென்றால் இடது பக்கமாக இன்னொருவர் மேசையோடு இருட்டில் வந்துகொண்டிருக்கிறார். அன்றைக்குக் காட்சி அருமையாகப் போகிறது, உங்களுக்கும் உற்சாகம் ஏறிவிட்டது என்பதற்காக எதையும் இரண்டு நொடி முன்னதாகச் செய்யக் கூடாது. இந்த ஒன்றைப் பழகிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

எந்த வேலை? புதிதாக வருகிற நடிகர்கள் பலர் மேடை விளக்குகளை இயக்கும் லைட் போர்டைக் கேட்பார்கள். பார்க்கக் கவர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் இன்றைய லைட் போர்டுகளில் ஒவ்வொரு மாற்றமும் முன்பே பதிவாகியிருக்கும். காட்சி நடக்கும்போது இயக்குபவர் செய்வது, சொன்ன நேரத்தில் ஒரு பொத்தானை அழுத்துவது. மேடையிலிருந்து தள்ளி ஓர் அறையில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பீர்கள். லைட்டிங்கில் ஆர்வம் இருந்தால் விளக்குகளை மாட்டித் திருப்பி அமைக்கும் நாள்களுக்குப் போங்கள், படிப்பு அங்கேதான் இருக்கிறது. முதல் நாடகத்துக்கு என் சிபாரிசு ப்ராப்ஸ், அதாவது நடிகர்கள் மேடையில் கையாளும் பொருள்களைப் பார்த்துக்கொள்வது. இல்லாவிட்டால், காட்சியை நடத்திச் செல்லும் ஸ்டேஜ் மேனேஜருக்கு உதவியாளர். இரண்டிலும் மேடைக்குப் பக்கத்திலேயே இருப்பீர்கள், எல்லா நடிகர்களோடும் வேலை இருக்கும், நாடகம் முழுவதும் உங்கள் கை வழியாகப் போய்வரும்.

ப்ராப்ஸ் என்றால் என்ன வேலை என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விங்ஸில், அதாவது மேடையின் இருபுறமும் திரைக்குப் பின்னால் உள்ள மறைவிடத்தில், ஒரு மேசை இருக்கும், சில அரங்குகளில் பக்கத்துக்கு ஒன்று. அதன்மேல் பெரிய தாள் விரித்து, டேப்பாலோ மார்க்கராலோ கட்டம் கட்டியிருப்பார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பொருளின் பெயர், காட்சி எண், எடுத்துப்போகும் பாத்திரத்தின் பெயர். குடை, கைக்கடிகாரம், கடிதம், மருந்துப் புட்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். பார்த்த நொடியில் எது இல்லை என்று தெரிய வேண்டும். காலிக் கட்டம்தான் உங்கள் எச்சரிக்கை மணி. நாடகம் தொடங்கும் முன் ஒருமுறை பட்டியலோடு சரிபார்க்க வேண்டும், இடைவேளையில் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை. நேற்று இரவு சரிபார்த்தோமே என்று விடக் கூடாது. இடையில் யாராவது அந்தக் குடையை வெளியே மழைக்கு எடுத்துப் போயிருப்பார்கள்.

சாதாரணமாகத் தெரிகிற ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் காட்சியில் நாயகி ஒரு கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழிக்கிறாள். ஐந்து காட்சி நாள்கள் என்றால் ஐந்து கடிதம் போதாது. விளக்கு, ஒலி, காட்சி மாற்றங்களைப் பழகும் டெக்னிக்கல் ஒத்திகைக்கும் உடை ஒத்திகைக்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும், மேலே இரண்டு கூடுதலாக வேண்டும். எல்லாம் ஒரே தாளாக இருக்க வேண்டும். தாள் மாறினால் கிழியும் சத்தம் மாறும், கிழிக்க வேண்டிய பலமும் மாறும். கடிதத்தில் வெறும் கிறுக்கல் போதுமா, உண்மையான வாசகம் வேண்டுமா? எழுதிவிடுங்கள். படபடப்பில் வசனம் மறந்துபோகும் நடிகருக்கு அது கைகொடுக்கும். கிழிந்த துண்டுகள் மேடையில் கிடக்கும் அல்லவா, அவற்றை அடுத்த காட்சி மாற்றத்தில் யார் பொறுக்குவது என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். ஒரே ஒரு கடிதத்துக்கு இவ்வளவு. மேடையில் குடிக்கிற விஸ்கி பெரும்பாலும் தண்ணீர் கலந்த தேநீர்தான். அதைத் தினமும் புதிதாகப் போட வேண்டும், கோப்பையைத் தினமும் கழுவ வேண்டும், நடிகருக்கு எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகுமா என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

பொம்மைத் துப்பாக்கி, மழுங்கிய கத்தி எதுவாக இருந்தாலும் ஆயுதம் ஆயுதம்தான். அது மேசையில் மற்றவற்றோடு கிடக்கக் கூடாது. அதற்கென்று பொறுப்பாளர் ஒருவர் இருப்பார், பூட்டி வைப்பார், நேரம் வரும்போது நேராக நடிகர் கையில் கொடுத்து, வெளியே வந்ததும் வாங்கிக்கொள்வார். அந்தப் பொறுப்பு உங்களுடையது இல்லையென்றால் தொடவே தொடாதீர்கள்.

நடிகர்கள் கையில் இருக்கும் பொருளோடு அப்படியே ஒப்பனை அறைக்குப் போய்விடுவார்கள். நீங்களும் போயிருப்பீர்கள். அதனால் அவர்கள் வெளியே வரும் விங்ஸில் கையை நீட்டிக்கொண்டு நில்லுங்கள். ஒன்றும் பேச வேண்டாம். இரண்டு நாளில் அவர்களே கையில் வைத்துவிட்டுப் போகப் பழகிவிடுவார்கள்.

அடுத்தது இருட்டு. பார்வையாளர் பக்கம் வெளிச்சம் கசியாமல் இருக்க விங்ஸில் மங்கலான நீல விளக்கு மட்டும் எரியும். நம் கண் இருட்டுக்கு முழுவதும் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். இடையில் பளிச்சென்ற போன் திரையைப் பார்த்தால் பழகியது குறைந்துவிடும், மறுபடி பழக வேண்டும். போனை அணைத்துப் பையில் போட்டுவிடுவதுதான் நல்லது. மேடை பளிச்சென்று இருந்து சட்டென்று ப்ளாக்அவுட் ஆகப்போகிறது, உடனே நீங்கள் உள்ளே போக வேண்டும் என்றால், சில நொடிகள் முன்பே ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். விளக்கு அணைந்ததும் அந்தக் கண்ணைத் திறந்தால் வழி தெரியும். பழைய ஆள்கள் எல்லோரும் செய்வதுதான். படி விளிம்பிலும் மேடை ஓரத்திலும் ஒளிரும் டேப் ஒட்டியிருப்பார்கள். அது வெளிச்சத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டுதான் இருட்டில் மின்னும், அதனால் காட்சிக்கு முன் அதன்மேல் போதுமான வெளிச்சம் விழுந்ததா என்று பாருங்கள். மேசை, நாற்காலிக் கால்கள் நிற்க வேண்டிய இடங்களைக் காட்சிக்கு ஒரு நிறமாகச் சின்ன டேப் துண்டுகளால் குறித்திருப்பார்கள். நடிகராக அவற்றை நீங்கள் பார்த்தே இருக்க மாட்டீர்கள். இனி உங்கள் உலகமே அதுதான்.

உடை கறுப்பு, சாக்ஸ் உட்பட. ஓசை எழுப்பும் வளையல், சாவிக்கொத்து எதுவும் வேண்டாம். ரப்பர் அடி கொண்ட, விரல் மூடிய செருப்போ ஷூவோ போடுங்கள். ஜப்பானின் கபுகி நாடகத்தில் கறுப்பு உடுத்தி முகத்தையும் மறைத்த உதவியாளர்கள் மேடைக்கே வந்து நடிகரின் உடையைச் சரிசெய்வார்கள், பொருள் எடுத்துக் கொடுப்பார்கள். கறுப்பு என்றால் ஆள் இல்லை என்று பார்வையாளர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். உங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. விங்ஸிலிருந்து பார்வையாளர் ஒருவரின் முகம் தெரிந்தால் அவருக்கும் உங்கள் முகம் தெரிகிறது என்று அர்த்தம், ஓரடி பின்னால் போங்கள். பக்கத் திரையில் சாயவும் கூடாது, உரசவும் கூடாது. ஓரம் ஆடினால் எல்லார் கண்ணும் அங்கேதான் போகும்.

இடது வலது உங்களுக்கே தெரியும், பார்வையாளரைப் பார்த்து நிற்கும் நடிகரின் இடது வலதுதான். எதிரே லைட் அறையில் இருப்பவர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

காட்சி தொடங்கியபின் ராஜா ஸ்டேஜ் மேனேஜர். இயக்குநர்கூட அப்போது வெறும் பார்வையாளர்தான். ஸ்டேஜ் மேனேஜரின் நாடகப் பிரதியில் ஒவ்வொரு விளக்கு மாற்றமும், ஒலியும், திரையும், காட்சி மாற்றமும் எந்தச் சொல்லில் நடக்க வேண்டும் என்று பென்சிலால் குறித்திருக்கும். பென்சில்தான், ஏனென்றால் கடைசி நாள்வரை மாறிக்கொண்டே இருக்கும். ஹெட்செட்டில் ‘லைட் 42, சவுண்ட் 17, ஸ்டாண்ட்பை’ என்று வரும். உரியவர்கள் ‘லைட் ஸ்டாண்ட்பை’, ‘சவுண்ட் ஸ்டாண்ட்பை’ என்று பதில் சொல்வார்கள். அப்புறம் அமைதி. பிறகு ‘லைட் 42, சவுண்ட் 17... கோ’. அந்தக் ‘கோ’ காதில் விழும்போதுதான் கை அசைய வேண்டும். இதனால்தான் ஹெட்செட்டில் வேறு எந்தப் பேச்சிலும் அந்தச் சொல்லைப் பயன்படுத்த மாட்டார்கள். ஸ்டாண்ட்பை சொன்னபின் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஹெட்செட்டைக் கழற்றும் முன் கழற்றுகிறேன் என்றும், மாட்டியதும் வந்துவிட்டேன் என்றும் சொல்ல வேண்டும். ஹெட்செட் இல்லாத இடங்களில் ஒரு சின்ன விளக்கு வைத்திருப்பார்கள். சில அரங்குகளில் அது எரிந்தால் தயார், அணைந்தால் செய். சில இடங்களில் சிவப்பு தயார், பச்சை செய். உங்கள் அரங்கில் எது என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

நடிகருக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. உங்களுக்கு வசனமெல்லாம் மனப்பாடம். நடிகர் ஒரு பக்கத்தையே தாண்டிப் போய்விடுகிறார், அடுத்த மாற்றம் இப்போதே வர வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. செய்யாதீர்கள். அவர் திரும்பி வரலாம், எதிரே நிற்பவர் இழுத்து வரலாம். முடிவு ஸ்டேஜ் மேனேஜருடையது. நீங்கள் கேட்க வேண்டியது அவர் குரலை மட்டும்.

நேர அறிவிப்பு வந்தால் பதில் சொல்லுங்கள். ‘பதினைந்து நிமிடம்’ என்றால் ‘நன்றி, பதினைந்து’. நீங்கள் கேட்டீர்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பிரிட்டிஷ் அரங்குகளில் ‘ஹாஃப்’ என்று அரைமணி அறிவிப்பு ஒன்று உண்டு, அது வருவது திரை எழ 35 நிமிடம் இருக்கும்போது. நடிகர்களை 5 நிமிடம் முன்பே இடத்துக்கு அழைத்துவிடுவார்கள், அரைமணிக் கணக்கு அந்த அழைப்பிலிருந்து.

டெக்னிக்கல் ஒத்திகை நாளுக்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு விளக்கு மாற்றம், நிறுத்து, மறுபடி அதே மாற்றம், நிறுத்து. இரண்டு மணி நேர நாடகத்துக்கு ஒரு நாள் முழுவதும் போகும். நடிகர்களாக இருந்தபோது இந்த நாளில்தான் விங்ஸில் உட்கார்ந்து அரட்டை அடித்திருப்போம். இப்போது அதே நாள்தான் உங்களுடைய முக்கியமான நாள். ‘ஹோல்ட்’ என்று குரல் வந்தால் இருந்த இடத்தில் அப்படியே நில்லுங்கள், எதற்கு என்று பிறகு கேட்கலாம்.

காட்சி மாற்றம் நடனம் மாதிரி அமைக்கப்படுகிறது. யார் எதை எடுப்பது, எந்த வழியாகப் போவது, யார் முதலில் என்பதெல்லாம் ஒரு தாளில் எழுதியிருக்கும். உள்ளே போகும்போதும் வெறுங்கை இல்லை, வெளியே வரும்போதும் வெறுங்கை இல்லை, அப்படித்தான் திட்டமிடுவார்கள். முதலில் முழு வெளிச்சத்தில் மெதுவாகப் பழக வேண்டும், பிறகு வேகமாக, கடைசியில் இருட்டில். நேராக இருட்டில் பழகலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், முழங்கால் உங்களுடையது. செட்டின் சுவர்த் தட்டிகள் மரச் சட்டத்தில் துணியோ ஒட்டுப்பலகையோ அடித்தவை. பார்க்கும் அளவுக்குக் கனம் இராது. ஆனால் ஒரு கை மேலேயும் ஒரு கை கீழேயும் பிடிக்காவிட்டால் சாய்த்துவிடும். நிறுத்தியபின் முட்டுக்கொடுத்து எடைக்கட்டி வைக்கும்வரை கையை எடுக்காதீர்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கறார். மேலே திரைகளும் செட்டும் தொங்கும் குழாய்களுக்கு மறுபக்கம் அதே அளவு எடைக்கட்டிகள் ஏற்றிச் சமன் செய்திருப்பார்கள். குழாயிலிருந்து செட்டை மட்டும் அவிழ்த்துவிட்டு எடையை இறக்காமல் பூட்டைத் திறந்தால் அந்த எடை மொத்தமும் பாய்ந்து இறங்கும், யார் கையாலும் நிறுத்த முடியாது. பயிற்சி இல்லாமல் அந்தக் கயிறுகள் பக்கமே போகாதீர்கள். ‘ஹெட்ஸ்!’ என்று கத்தினால் மேலிருந்து ஏதோ விழுகிறது. அண்ணாந்து பார்க்காமல் தலையை மூடிக்கொண்டு விலகுங்கள். ஏணியில் ஏறுபவரின் ஸ்பானர் அவர் மணிக்கட்டிலோ இடுப்பிலோ கட்டியிருக்க வேண்டும், ஒவ்வொரு விளக்குக்கும் கொக்கியைத் தவிரத் தனியாக ஒரு பாதுகாப்புக் கம்பி இருக்க வேண்டும். ஹாலஜன் பல்பை வெறும் விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகம் சூடேறிப் பல்பு சீக்கிரம் போய்விடும், சில சமயம் வெடிக்கவும் செய்யும்.

வெளியேறும் வழியில் எதையும் வைக்கக் கூடாது, ‘ஐந்தே நிமிடம்’ என்றாலும் கூடாது. 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோகுவா தியேட்டரில் பகல் காட்சி நடந்துகொண்டிருந்தபோது ஓர் ஆர்க் விளக்கிலிருந்து திரைச்சீலையில் தீப்பற்றியது. இறங்கியிருக்க வேண்டிய தீத்தடுப்புத் திரை பாதியில் சிக்கிக்கொண்டது. வெளியேறும் கதவுகள் பல பூட்டியிருந்தன, அல்லது திறக்கும் விதம் கூட்டத்துக்குப் புரியவில்லை. 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இன்று அரங்குகளில் நமக்கு எரிச்சலூட்டுகிற விதிகள் பல இதைப் போன்ற தீ விபத்துகளுக்குப் பிறகு வந்தவை. தெரியாத வேலையை, குறிப்பாக உயரத்தில் செய்யும் வேலையை யாராவது உங்களிடம் தந்தால் ‘எனக்குச் சொல்லித்தரவில்லை’ என்று சொல்லிவிடுங்கள். நல்ல குழுவில் அதற்காக யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

உடைப் பிரிவில் போட்டால் அதுவும் நல்ல இடம்தான். முப்பது நொடியில் ஒருவரை முழுதாக உடை மாற்றிவிடும் வேலையை அருகில் இருந்து பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். அடுத்த உடையின் பாதியை உள்ளேயே போட்டிருப்பார்கள். சட்டையின் பொத்தான்கள் வெறும் அலங்காரமாகத் தைத்தவை, உள்ளே வெல்க்ரோ. ஷூவில் கயிற்றுக்குப் பதில் எலாஸ்டிக். நாற்காலியில் உடைகள் போடும் வரிசையிலேயே அடுக்கியிருக்கும், கடைசியில் போடுவது அடியில். நடிகர் செய்ய வேண்டியது கையையும் காலையும் நீட்டுவது மட்டும். அவரும் சேர்ந்து உதவப் பார்த்தால்தான் தாமதமாகும்.

பழைய சக நடிகர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லிவிடுகிறேன். நடிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள், நல்லதாக இருந்தாலும். ‘அந்த இடத்தில் நீ அழுதது பிரமாதம்’ என்று சொன்னால் மறுநாள் அந்த இடத்தில் அவர் அழத் தயாராவார். உள்ளே நுழையப் போகிறவர் உங்கள் பக்கத்தில் நின்று கை நடுங்கிக்கொண்டிருந்தால், தைரியம் சொல்லப் போகாமல் அவர் கொண்டுபோக வேண்டிய பொருளைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்ளுங்கள். ஏதாவது பொருள் காணவில்லை என்றால் மட்டும் மறைக்காமல் உடனே சொல்லுங்கள்: ‘கடிதம் கிடைக்கவில்லை, வெறும் தாள்தான் இருக்கிறது’. முன்பே தெரிந்தால் அவர் சமாளித்துவிடுவார். மேடையில் கண்ணாடிக் குவளை உடைந்தால் துடைப்பத்தோடு பாயக் கூடாது. ஸ்டேஜ் மேனேஜரிடம் சொல்லுங்கள், யார் எப்போது உள்ளே போவது என்று அவர் சொல்வார்.

நடிப்புக்கு என்ன பயன்? ஒரே நாடகத்தை விங்ஸிலிருந்து நாள்தோறும் கேட்பீர்கள். யார் முதுகைத் திருப்பும்போது வசனம் காணாமல் போகிறது, எந்தச் சிரிப்பு எந்த நாளில் வரவில்லை, அன்றைக்கு முந்தைய வரியை யார் அவசரப்படுத்தினார் என்பதெல்லாம் காதுக்குப் பிடிபடும். அதைவிடப் பெரியது, நடிகர் ஒரு சொல்லை மாற்றினால் யார் யார் தடுமாறுகிறார்கள் என்று கண்ணால் பார்ப்பீர்கள். ‘கதவைச் சாத்து’ என்பதன் கடைசிச் சொல்லில் ஒரு விளக்கு மாற்றம், ஓர் இடியோசை, ஒரு திரை மூன்றும் தொங்கிக்கொண்டிருக்கும். அவர் அன்றைக்கு ‘சாத்துடா கதவை’ என்று சொல்லிவிடுவார். அடுத்த முறை வேடம் கட்டும்போது அந்த வரியை எழுதியபடியே சொல்வீர்கள், பொருளை எடுத்த கட்டத்திலேயே வைப்பீர்கள்.

கடைசிக் காட்சி முடிந்த இரவே கலைத்து அடுக்கும் வேலை இருக்கும் என்பதையும் இப்போதே கணக்கில் வையுங்கள். அதை ஸ்ட்ரைக் என்பார்கள். திருகாணிகளை அளவுவாரியாகப் பிரிக்க வேண்டும், தரையிலிருக்கும் டேப்பை உரிக்க வேண்டும், இரவல் வாங்கிவந்த பொருள்களைத் திருப்பித்தர வேண்டும். மறுநாள் காலை எங்கும் போகிற மாதிரி திட்டம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வேலையை ஒப்புக்கொண்டால் டெக்னிக்கல் ஒத்திகைவரை காத்திருக்காமல் அதற்கு முந்தைய வாரத்து முழு ஒத்திகைகளில் போய் உட்காருங்கள். நோட்டு, பென்சில், கையுறை, நீலத்தாள் ஒட்டிய சின்ன டார்ச் இவை பையில் இருக்கட்டும். அதற்கும் முன்னால், பிரதி கையில் இருந்தால் இன்று இரவே ஒருமுறை வசனங்களை விட்டுவிட்டுப் படியுங்கள். மேடைக்குள் வரும் ஒவ்வொரு பொருளும் எந்தப் பக்கத்தில், யார் கையில் வருகிறது, யார் கையில் வெளியே போகிறது என்று ஓரத்தில் குறியுங்கள். உள்ளே வந்து வெளியே போகாத பொருள் இரண்டு மூன்றாவது இருக்கும். ஸ்டேஜ் மேனேஜரைப் பார்க்கும்போது அவற்றைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும்.